எல்லைக்கோடும் நம் வீட்டு வேலியும்



உங்கள் உம்மா வீட்டுக்கும் நீங்கள் வாழும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? சிலருக்கு ஒரு வேலி தூரம். சிலருக்கு நாலு தெரு. வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு பஸ் பயணம். கணவரோடு கட்டாரிலோ குவைத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு விமானச் சீட்டு. அந்தத் தூரத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? மைல் கணக்கைக் கொண்டா, பஸ் கட்டணத்தைக் கொண்டா, அல்லது கடைசியாக அங்கே போய்வந்த நாளைக் கொண்டா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த மாதம் என்னோடு ஒரு மலைக்கிராமத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு தலைமுறைப் பெண்கள், உறவினர் வாழும் ஊர் அதே ஆற்றின் கரையில் இருந்தும், அங்கே போய் ஒரு ஸலாம் சொல்ல முடியாமல் முதுமை அடைந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் தொழுது, நோன்பு நோற்று, பெருநாளுக்குப் பலகாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள்தாம். அவர்களுடைய கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சீனன்குடாவில் இருந்து எழுதும் எனக்குக் கடல்தான் பழக்கம். இங்கே மேடு என்றால் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்கள் நிற்கும் காட்டுமேடுதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் நடந்த சண்டையில் சீனன்குடாவாருக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஆனாலும் குண்டு இங்கேதான் விழுந்தது. பெரியவர்கள் எங்கோ உட்கார்ந்து போடும் கணக்கில் சின்ன ஊர்கள் அகப்பட்டுக்கொள்வதை நாம் அறிவோம். நான் சொல்லப்போகும் ஊரும் அப்படி அகப்பட்டுக்கொண்ட ஓர் ஊர்தான்.

துர்துக் என்னும் ஊர்

ஊரின் பெயர் துர்துக். இந்தியாவின் வடகோடியில், லடாக் பிரதேசத்தில் இருக்கிறது. லே என்ற நகரத்திலிருந்து புறப்பட்டு, 17,000 அடிக்கும் மேல் உயரமான கர்துங் லா கணவாயைக் கடந்து, நுப்ராப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஷியோக் என்ற ஆற்றின் ஓரமாகப் போக வேண்டும். லேயிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர். இரு பக்கமும் கரகோரம் மலைகள். புல் பூண்டு இல்லாத வெறும் பாறை. அந்தப் பாறைகளுக்கு நடுவே திடீரென்று பச்சைப் பசேல் என்று ஒரு துண்டு நிலம் தெரியும். அதுதான் துர்துக்.

பள்ளத்தாக்கு என்றதும் தாழ்வான இடம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரம். துர்துக் இருப்பதோ ஏறக்குறைய 3,000 மீற்றர் உயரத்தில். நம் மலையுச்சியைவிட அவர்களுடைய பள்ளத்தாக்கு உயர்ந்தது! இருந்தாலும் லடாக்கின் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இது தாழ்வான இடம்தான். ஆகவே அங்கே கொஞ்சம் வெப்பம் அதிகம். வருடத்தில் இரண்டு போகம் விளையும். முதலில் வாற்கோதுமை. அதை அறுத்ததும் பக்வீட் என்ற ஒரு தானியம். மலையிலிருந்து உருகி வரும் பனிநீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அந்த ஊரின் செல்வம் அப்ரிகொட் பழம். அரபு நாடுகளில் வேலை செய்து வந்த சகோதரிகள் மிஷ்மிஷ் என்று சொன்னால் உடனே கண்டுகொள்வார்கள். கோடையில் பழம் பழுக்கும். தின்றதுபோக மீதியை வீட்டுக் கூரைகளில் பரப்பி வெயிலில் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். எதையும் வீணாக்குவதில்லை. மலைகள் பனியால் மூடிக்கொள்ளும் மாதங்களில், கோடையில் சேமித்ததுதான் அடுப்பங்கரைக்கு ஆதாரம்.

அங்கே இன்னொரு விந்தையும் உண்டு. பாறைக் கற்களை அடுக்கிச் சிறிய அறைகள் கட்டியிருக்கிறார்கள். நங்சுங் என்று பெயர். கற்களின் இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். கடும் கோடையிலும் வெண்ணெயும் இறைச்சியும் கெடாமல் இருக்கும். மின்சாரம் கேட்காத குளிர்ப்பெட்டி!

அங்கே வாழ்பவர்கள் பல்தி இனத்தவர். அவர்கள் பேசும் பல்தி மொழி திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மொழியால் திபெத்துக்கு உறவு. மார்க்கத்தால் நமக்கு உறவு. 14ஆம் நூற்றாண்டில் காஷ்மீருக்கு வந்த ஸைய்யித் அலீ ஹமதானி (ரஹ்) அவர்களின் வழியாகவே தங்களுக்கு இஸ்லாம் கிடைத்தது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. பெரும்பாலோர் நூர்பக்ஷிய்யா என்ற ஸூபி வழியைச் சேர்ந்தவர்கள், ஸுன்னிகளும் இருக்கிறார்கள். மரவேலைப்பாடுகள் நிறைந்த பழைய பள்ளிவாசல் ஒன்று அந்த ஊருக்கு அழகு.

இந்த ஷியோக் ஆறு துர்துக்கோடு நின்றுவிடுவதில்லை. இன்னும் கீழே ஓடி, கப்லு என்ற ஊரைத் தொட்டு, ஸ்கர்து நகரை அடையும் முன்னர் சிந்து நதியோடு கலக்கிறது. முற்காலத்தில் இந்த ஆற்றோரம் முழுவதும் ஒரே சீமை. கப்லுவில் இருந்து ஆண்ட யப்கோ வம்சத்தாரின் ஆட்சி துர்துக் வரை இருந்தது. அந்த வம்சத்தின் பழைய வீடு ஒன்று இன்றும் துர்துக்கில் இருக்கிறது. ஒரே மொழி, ஒரே மார்க்கம், ஒரே ஆறு. இந்த ஊரில் பெண் எடுத்து அந்த ஊரில் பெண் கொடுத்தார்கள். நமக்குக் கிண்ணியாவும் மூதூரும் வெள்ளைமணலும் எப்படியோ, அவர்களுக்குத் துர்துக்கும் கப்லுவும் அப்படி.

இரண்டு முறை நகர்ந்த கோடு

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தன. காஷ்மீருக்காகப் போர் மூண்டது. 1948 ஓகஸ்டில் ஸ்கர்து கோட்டை பாகிஸ்தான் தரப்பின் கைக்குப் போனது. 1949 ஜனவரி 1ஆம் திகதி போர் நிறுத்தம் வந்தது. எந்தப் படை எங்கே நின்றதோ அதை ஒட்டி ஒரு கோடு இழுத்தார்கள். துர்துக் பாகிஸ்தான் பக்கம் விழுந்தது. அதனால் கப்லுவோடும் ஸ்கர்துவோடும் இருந்த உறவு அறுபடவில்லை. நுப்ராவோடும் லேயோடும் இருந்த தொடர்புதான் போயிற்று.

பிறகு வந்தது 1971 டிசம்பர். அந்தப் போர் தொடங்கிய காரணம் எங்கே இருந்தது தெரியுமா? அன்று கிழக்குப் பாகிஸ்தான் என்று அழைக்கப்பட்ட வங்காளத்தில். துர்துக்கில் இருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால். டாக்கா எங்கே, துர்துக் எங்கே! ஆனால் போர் மேற்கு எல்லைக்கும் பரவியது. நுப்ராப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மேஜர் செவாங் ரின்சென் என்பவரின் தலைமையில் லடாக்கிப் படை ஷியோக் ஆற்றோரமாக முன்னேறியது. சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் ஆகிய ஊர்கள் சில நாட்களில் இந்தியாவின் வசமாயின. டிசம்பர் 17ஆம் திகதி அந்த எல்லையில் போர் ஓய்ந்தது.

அடுத்த ஆண்டு, 1972 ஜூலையில், சிம்லாவில் இரு நாட்டுத் தலைவர்களும் உடன்படிக்கை செய்தார்கள். காஷ்மீரில் போர் ஓய்ந்த நாளில் யார் எங்கே இருந்தார்களோ அதுவே கட்டுப்பாட்டுக் கோடு என்று முடிவாயிற்று. முன்பு ஊருக்குக் கிழக்கே கிடந்த கோடு இப்போது ஊருக்கு மேற்கே போய்விட்டது. துர்துக் மக்கள் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. வயலும் வாய்க்காலும் அப்ரிகொட் மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. நாடு மட்டும் மாறிவிட்டது.

ஊரில் இருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். ஆனால் அந்த டிசம்பரில் ஊரில் இல்லாதவர்கள்? வேலைக்காக ஸ்கர்துவுக்கும் அதற்கு அப்பாலும் போனவர்கள், படிக்கப் போன பிள்ளைகள், உறவினரைப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் அக்கரையில் நின்றுவிட்டார்கள். சில நாட்களில் திரும்பி வரலாம் என்று எண்ணிப் போனவர்களுக்கு ஊர் திரும்ப வழி இல்லாமல் போனது. கணவன் அங்கே, மனைவி இங்கே. தாய் இங்கே, மகன் அங்கே. கப்லுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குத் தாய்வீடு வேறு நாடாகிவிட்டது. துர்துக்கில் பிறந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கும் அதே கதி.

சகோதரிகளே, மௌத்தான செய்தி வந்தால் மனிதன் அழுவான், ஜனாஸா எடுப்பான், நாளடைவில் மனத்தைத் தேற்றிக்கொள்வான். ஆனால் உயிரோடு இருக்கிறார், அடுத்த மலைக்கு அப்பால் இருக்கிறார், பார்க்க முடியாது என்றால் அந்த மனத்தை எப்படித் தேற்றுவது? உம்மா மௌத்தானால் மகள் வந்து முகம் பார்க்க முடியாது. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் உம்மா வந்து குளிப்பாட்ட முடியாது. இதைப் பெண்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நூறு கிலோமீற்றருக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர்

துர்துக்கிலிருந்து ஆற்றோரமாகக் கப்லுவுக்குப் போனால் நூறு கிலோமீற்றர்கூட வராது. ஆனால் அந்த வழியில் இரு தரப்புப் படைகளும் நிற்கின்றன. சட்டப்படி போக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? லேக்கு வந்து, டில்லிக்கு வந்து, பாகிஸ்தான் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, கிடைத்தால் பஞ்சாப்பில் உள்ள அட்டாரி–வாகா எல்லையைக் கடந்து, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்து என்று சுற்றிக் கப்லுவை அடைய வேண்டும். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேல். ஆட்டையும் அப்ரிகொட் மரத்தையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தச் செலவு கைக்கு எட்டுமா?

அதுவும் எப்போதும் திறந்திருக்கும் வழி அல்ல. காஷ்மீரின் மற்றொரு பகுதியில், ஸ்ரீநகரிலிருந்து முஸாபராபாதுக்கு 2005 ஏப்ரலில் பஸ் விட்டார்கள். பிரிந்த குடும்பங்கள் பல அதில் போய்வந்தன. 2019இல் அது நின்றுபோனது. கார்கில்–ஸ்கர்து பாதையைத் திறந்துவிடுங்கள் என்று லடாக் மக்கள் பலகாலம் கேட்டும் அது திறக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பின் அட்டாரி–வாகா எல்லையும் மூடப்பட்டது, விசாக்கள் இரத்தாயின. எங்கோ யாரோ ஆயுதம் ஏந்தினால், மகளைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு கிழவியின் பயணம் நின்றுபோகிறது.

துர்துக் நெடுங்காலம் வெளியார் நுழைய முடியாத இராணுவப் பகுதியாகவே இருந்தது. அதன் வடக்கே உள்ள சியாச்சின் பனிமலையில் 1984 முதல் இரு படைகளும் எதிரும் புதிருமாக நின்றன. 1999இல் கார்கில் போர் நடந்தபோது துர்துக்கைச் சுற்றியிருந்த மலைகளிலும் சண்டை நடந்தது. 2010ஆம் ஆண்டில்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு வழி திறந்தார்கள். இப்போது பலர் வந்து போகிறார்கள். வீடுகளில் தங்க இடம் கொடுத்து ஊரார் வருமானம் தேடிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் முன்பின் தெரியாத விருந்தாளி வந்து திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். கூடப்பிறந்தவன் வர முடியவில்லை.

தாங் என்பது இந்தியப் பக்கத்தின் கடைசி ஊர். அங்கிருந்து பார்த்தால் மலைச்சரிவில் அந்தப் பக்கத்து ஊரின் வீடுகள் கண்ணுக்குத் தெரியும். ஆறு தங்குதடையின்றி ஓடி அந்தப் பக்கம் போகிறது. பறவை போகிறது. காற்று போகிறது. பாங்கு சத்தத்துக்கும் அந்தக் கோடு தெரியாது. மனிதன் மட்டும் போக முடியாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்களா? இல்லை. கிடைத்த வழியை எல்லாம் பயன்படுத்தினார்கள். முதலில் கடிதம். கார்கிலுக்கு அருகே ஹுந்தர்மான் என்று ஒரு கிராமம். அதுவும் 1971இல் கை மாறிய ஊர். இப்போது யாரும் குடியில்லாத அதன் பழைய வீடுகளில் ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே பாதுகாத்து வைத்திருப்பவை பொன்னும் மணியும் அல்ல. அந்த மக்கள் புழங்கிய சாமான்களும், பிரிந்துபோன உறவினர் எழுதிய கடிதங்களும்தான். ஒரு கடிதத்தைப் பொக்கிஷம் போல வைத்துக் காக்கும் மக்கள் அவர்கள்.

பின்னர் கைத்தொலைபேசி வந்தது. இணையம் வந்தது. பல பத்தாண்டுகள் கேட்காத குரலைக் கேட்டார்கள். ஒரு சிறிய திரையில் அக்கரையில் இருக்கும் சகோதரனின் முகத்தைப் பார்த்தார்கள். பிரியும்போது கருத்த தாடி. பார்க்கும்போது நரைத்த தாடி. அது போதாது என்று நமக்குத் தோன்றலாம். ஒன்றுமே இல்லாதிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிஃமத்!

அஸ்மா (ரலி) அவர்களின் வாசலில்

இரண்டு பகை ஊர்களுக்கு நடுவே பிரிந்துபோன தாய்க்கும் மகளுக்கும் நம் மார்க்க வரலாற்றிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைப் பெற்ற தாய் மக்காவில் தங்கிவிட்டார். அந்தத் தாய் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே பத்ரு நடந்தது, உஹது நடந்தது, அகழிப் போர் நடந்தது. போக்குவரத்துக்கு வழி ஏது?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யா உடன்படிக்கை ஏற்பட்டது. பாதை திறந்தது. பாதை திறந்ததும் அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? மகளைத் தேடி மதீனாவுக்கு வந்துவிட்டார். அஸ்மா (ரலி) அவர்களுக்குத் தயக்கம். இணைவைக்கும் தாயை ஏற்று உபசரிக்கலாமா? நபி (ஸல்) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணி நடக்குமாறு நபியவர்கள் அனுமதி அளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள செய்தி இது.

இதில் உள்ள படிப்பினையைப் பாருங்கள். மார்க்கம் வேறு, ஊர் வேறு, நேற்றுவரை போர்க்களத்தில் நின்ற கூட்டம் வேறு. அத்தனையும் இருந்தும், பெற்ற உறவு என்பதற்காக வாசல் திறக்கப்பட்டது. அப்படியானால் ஒரே கலிமாவைச் சொல்லி, ஒரே பள்ளிவாசலின் மஹல்லாவில் வாழ்ந்துகொண்டு, கூடப்பிறந்த ராத்தாவின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

நாம் போட்ட கோடு

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், சீனன்குடாப் பக்கத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டுமானால் துறையில் நின்று, பாதை என்று நாம் சொல்லும் அந்த மிதவைக்காகக் காத்திருக்க வேண்டும். மூதூருக்கு லாஞ்சில் போவார்கள். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகள் வேறு. கைக்குழந்தையும் பெட்டியுமாகப் பெண்கள் வெயிலில் நிற்பார்கள். அப்படியும் போனார்கள். சாச்சிக்குச் சுகமில்லை என்றால் போனார்கள். பெரியம்மா வீட்டுக் கத்தம் என்றால் போனார்கள். இப்போது பாலத்தில் ஆட்டோ ஏறி இறங்கச் சில நிமிடம்தான். இவ்வளவு இலகுவான பின்னர் போக்குவரத்து கூடியிருக்க வேண்டும் அல்லவா? உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பாருங்கள்.

பெண்பிள்ளைகளின் வகுப்பு ஒன்றில் ஒருமுறை கேட்டேன்: உங்கள் வாப்பாவின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பிள்ளைகள் யார் யார், பெயர் சொல்லுங்கள் என்று. உம்மா பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்களைக் கடகடவென்று சொன்னார்கள். வாப்பா பக்கம் வந்ததும் பலர் விழித்தார்கள். ஒரு பிள்ளை சொன்னது: “அவங்க வீட்டோட நாங்க கதைக்கிறதில்ல ஹஸ்ரத்.” ஏன் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாமலே ஒரு கோடு அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது.

எதனால் வருகின்றன இந்தக் கோடுகள்? நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மூத்தவளுக்குக் கல்வீடு, இளையவளுக்கு வெறும் வளவு என்று ஒரு மனத்தாங்கல். காணி உறுதியில் யார் பெயர் என்று ஒரு வழக்கு. கலியாணத்துக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, சொன்னாலும் முகம் கொடுத்துச் சொல்லவில்லை என்று ஒரு கோபம். மாமியின் ஒரு சொல், மதினியின் ஒரு பார்வை. பிள்ளைகள் விளையாடும்போது அடித்துக்கொண்டார்கள், தாய்மார் பத்து வருடமாகக் கதைப்பதில்லை! துர்துக்காரருக்குக் கோடு போட்டவர்கள் படைகளும் அரசுகளும். நமக்குக் கோடு போட்டவர்கள் யார்? நாமேதான் கிடுகு வேலி கட்டினோம். பிறகு அதைச் சுவராக உயர்த்தினோம்.

நம் மக்களும் பிரிவை அறியாதவர்கள் அல்லர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் சிதறினார்கள். 2004 டிசம்பரில் கடற்கோள் வந்து குடும்பங்களைப் பிரித்துக்கொண்டு போனது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். அந்த நாட்களில் நமக்கு வாசல் திறந்தவர்கள் யார்? உறவினர்கள்தாம். ஒரு வீட்டில் நாலு குடும்பம் சமைத்துச் சாப்பிட்ட நாட்கள் அவை. கஷ்டத்தில் சேர்ந்திருந்த நாம் வசதி வந்ததும் பிரிந்து நிற்பது முறைதானா?

அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே அல்லாஹ் தன்னை அஞ்சும்படி சொல்வதோடு சேர்த்து இரத்த உறவுகளைப் பற்றியும் எச்சரிக்கிறான். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாமல் பகைத்திருப்பது ஆகாது என்பது நபிவழி. நாம் தஹஜ்ஜுத் தொழுகிறோம், திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கிறோம், உறவை மட்டும் வெட்டிவிட்டு இருக்கிறோம். பள்ளத்தில் ஓட்டையை வைத்துக்கொண்டு குடத்தில் தண்ணீர் நிரப்புகிற கதைதான் இது.

“நான் எத்தனை முறை இறங்கிப் போவது? அவள் ஒருமுறையாவது வந்தாளா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வந்தால் போவேன், தந்தால் தருவேன் என்பது கொடுக்கல் வாங்கல். அறுந்ததை எடுத்து முடிச்சுப் போடுகிறவரே உண்மையில் உறவைப் பேணுபவர் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உறவைப் பேணுவது என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொண்டு இருப்பது என்றும் பொருள் அல்ல. அடிக்கிற வீட்டுக்கும் அவமானப்படுத்துகிற வீட்டுக்கும் போய் விருந்தாளியாக உட்கார மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயும் ஒரு ஸலாம், சுகமில்லாதபோது ஒரு விசாரிப்பு, தொழுகையில் ஒரு துஆ என்ற அளவிலாவது நூல் அறாமல் இருக்கட்டும். காணி வழக்கு இருந்தால் அதை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ நீதிமன்றத்திலோ தீர்த்துக்கொள்ளுங்கள். வழக்கு வழக்காக நடக்கட்டும். ஸலாம் ஸலாமாக நடக்கட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒன்று. ஒரு தாளை எடுத்து உம்மா பக்கத்து உறவுகளையும் வாப்பா பக்கத்து உறவுகளையும் பெயர் பெயராக எழுதுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெயர் தெரிந்தால்தானே உறவு தெரியும்?

இரண்டு. அந்தப் பட்டியலில் ஒரு வருடமாகக் கதைக்காத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தொலைபேசியை எடுங்கள். பழைய கதையைக் கிளற வேண்டாம். யார் சரி, யார் பிழை என்று தொடங்க வேண்டாம். ஸலாம் சொல்லிச் சுகம் விசாரியுங்கள். அது போதும்.

மூன்று. ஸதகா கொடுக்கும்போது முதலில் உறவில் உள்ள ஏழையைப் பாருங்கள். தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணிய நன்மையும் சேர்ந்து கிடைக்கும். கொடுப்பதைப் பத்துப் பேர் பார்க்கக் கொடுக்காதீர்கள். உறவினருக்கு அது கொடுமை.

நான்கு. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார், காசு வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, சுகமாக இருக்கிறாயா என்று கேளுங்கள். வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு உம்மாவின் குரல் ஒரு மருந்து.

ஐந்து. மற்றவர் போட்ட கோட்டினால் பிரிந்து வாழும் குடும்பங்களை உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். துர்துக், கார்கில் மட்டுமல்ல. உலகத்தில் எத்தனையோ இடங்களில் தாயும் பிள்ளையும் வேலிக்கு இரு புறமும் நிற்கிறார்கள்.

சகோதரிகளே, துர்துக்கில் பிரிந்த முதல் தலைமுறையில் பலர் இப்போது உயிரோடு இல்லை. பார்க்கலாம், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் பாதை திறக்கும் என்று காத்திருந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் காத்திருந்தது பாதை மூடியிருந்ததால். நம் பாதை திறந்துதான் கிடக்கிறது. வேலியில் ஒரு கடப்பு இருந்தால் போதும், ஒரு தட்டில் இரண்டு பலகாரத்தை மூடி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். அஸருக்குப் பின் நேரம் இருக்கிறது. இன்றைக்கே போய் வாருங்கள்.

வல்ல அல்லாஹ் பிரிந்த உள்ளங்களைச் சேர்த்துவைப்பானாக. மூடிய பாதைகளைத் திறந்துவைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.